பெல்மதுளைச் சந்தியில் ஒரு பிரென் கேரியர்

சாவதற்குள் ஒரு யுத்த வாகனத்தையாவது ஹோல் சுவரில் ஏற்றியே தீருவது என்று கஜேந்திரன் சபதம் எடுத்தார். எடுத்த இடம் குளியலறை. அவருடைய யுத்தக் கப்பல்கள் எல்லாம் அங்கேதான் நங்கூரமிட்டிருந்தன. வாளிக்கு மேலே ஒரு குரூசர். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு டிஸ்ட்ரோயர். கதவுக்குப் பின்னால், ஈரத் துவாய் தொங்கும் இடத்தில், எந்நேரமும் பாதி மூழ்கியபடி ஒரு நீர்மூழ்கி.

“கப்பல்னா தண்ணி இருக்கிற எடத்துலதானே இருக்கணும்” என்று சொல்லி, ஹோலில் இருந்த அத்தனை படங்களையும் கழற்றி அங்கே மாட்டியவள் அவர் மனைவி விஜயகலா.

“அப்ப வாகனம்? அது தரையிலதானே ஓடும்?”

“தரையில ஓடட்டுங்க. செவுத்துல எதுக்கு ஓடணும்?”

இதற்குப் பதில் சொல்லக்கூடிய ஆண்பிள்ளை இரத்தினபுரி மாவட்டத்தில் இல்லை. கஜேந்திரன் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். குரூசரின் மேலும் கொஞ்சம் தெறித்தது.

பெல்மதுளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் அவர் பெக்டரி மெக்கானிக். விஜயகலா அதே தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவுக்குப் பொறுப்பாளர். முப்பது பிள்ளைகளைப் பகலில் ஒரே அதட்டில் தூங்கவைக்கிறவளுக்கு ஒரு புருஷன் எம்மாத்திரம்? ஆனால் அவருக்கும் ஒரு சாம்ராஜ்யம் இருந்தது. ‘இரும்பு நண்பர்கள்’ என்ற வாட்ஸப் குரூப். பழைய யுத்த வாகனங்கள், போர்க்கப்பல்கள் ஆகியவற்றின் போட்டோக்களைப் போட்டு, இது எந்த மாடல், எந்த வருஷம், புகைக்கூண்டு இரண்டா மூன்றா என்று அடித்துக்கொள்கிற நாற்பத்துமூன்று பேர். அதில் வாகனப் பிரிவுக்குக் கஜேந்திரன்தான் நீதிபதி. ஒரு போல்ட்டைப் பார்த்தாலே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்.

அந்த மாதம் இரத்தினபுரியில் ஒரு பழைய சாமான் கடையில் அவருக்கு அந்தப் போட்டோ அகப்பட்டது. பெரியது, சட்டம் போட்டது. சங்கிலிச் சக்கரத்தில் ஓடுகிற சின்னக் கவச வண்டி ஒன்று தெருவோரம் நிற்கிறது. பக்கத்தில் தலைப்பாகை கட்டிய மீசைக்காரர் ஒருவர், வண்டியைத் தானே பெற்றெடுத்ததுபோல் முறைத்துக்கொண்டு நிற்கிறார். கஜேந்திரனுக்கு வியர்த்துவிட்டது. பிரென் கேரியர்! வீட்டுக்குக் கொண்டுவரும் வழியிலேயே, பஸ்ஸில் மீசைக்காரரைப் பார்த்துப் பார்த்து, அவருக்கு அந்த யோசனை பிறந்தது.

“கலா, இது யாருன்னு தெரியுதா?”

விஜயகலா அரிசி களைந்துகொண்டிருந்தாள். “யாரு?”

“எங்க தாத்தா!”

அவள் கை நின்றது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து படத்தைக் கிட்டத்தில் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடி மீசையைப் பார்த்தாள்.

“ஒங்க அப்பாவப் பெத்த தாத்தாவா?”

“அவரேதான். யுத்த நேரத்துல நம்ம பெல்மதுளைச் சந்தியில எடுத்தது. பக்கத்துல நிக்கிறது பிரென் கேரியர்.”

“சாப்பாட்டுக் கேரியரா? எத்தன தட்டு?”

“வெளயாடாத. படை வண்டி.”

“அனே, இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? வூட்டுப் பெரியவர இப்பிடிப் பேப்பர்ல சுத்தியா கொண்டாருவாங்க? ஆணிய எடுத்தாங்க!”

கஜேந்திரனுக்குக் காதை நம்ப முடியவில்லை. ஹோலின் நட்டநடுச் சுவர். அவளே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். அன்று மாலையே குரூப்பில் வண்டியின் முன்பக்கத்தை மட்டும் வெட்டிப் போட்டு, ‘பெல்மதுளைச் சந்தி, யுத்தகாலம். அருகில் நிற்பவர் என் தாத்தா. முழுப்படம் பிறகு’ என்று எழுதினார். குரூப் கொதித்தது. நம்ம பக்கத்துத் தெருவில் கவச வண்டியா? இதுவரை ஒருத்தர் கண்ணிலும் படாத போட்டோவா? மாவனல்லையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் குரூப் தலைவர் பளீல் நானா, வாய்ஸ் மெசேஜில் மூன்று தடவை மாஷா அல்லாஹ் சொன்னார். வரும் போயா தினத்தில், பௌர்ணமி விடுமுறையன்று, மாவனல்லையில் நடக்கும் வருடாந்தக் கூட்டத்தில் அந்தப் படத்துக்குத்தான் முதலிடம் என்றும் அறிவித்தார்.

மறுநாள் வேலை முடிந்து வந்த கஜேந்திரன் சுவரைப் பார்த்துத் திடுக்கிட்டார். படத்துக்கு மேலே சிவப்பு பல்பு. தாத்தாவின் நெற்றியில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். முழங்கை மொத்தத்தில் ஒரு செவ்வந்தி மாலை. மாலைக்குக் கீழே வண்டி என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை.

“கலா! சக்கரம் மறையுதே!”

“தாத்தா மொகம் தெரியுதுல்ல?”

“சக்கரம் மூணா நாலான்னுதான் குரூப்ல சண்டையே. மூணுன்னா கேரியர், நாலுன்னா டேங்க்.”

“தாத்தாவுக்குக் கால் ரெண்டு. அது போதும். செருப்ப வெளிய கழட்டிட்டு வாங்க, பெரியவர் பாக்கிறாரு.”

அன்றிலிருந்து தாத்தா பார்க்கத் தொடங்கினார். பெனியனோடு ஹோலில் உட்கார்ந்தால் பார்த்தார். கருவாடு வேண்டும் என்றால் பார்த்தார். டெலிபோனை நோண்டினால் கட்டாயம் பார்த்தார். சிங்கள அயலவர்கள்கூட வந்து கும்பிட்டு, “ஹரி ஷோக் சீயா!”, வெகு ஜோரான தாத்தா, என்றார்கள். பிள்ளைக் காம்பராவில் அவர் ‘டேங்க் தாத்தா’ ஆனார். வெள்ளைக்காரனுடைய டேங்கை ஒற்றைக் கையால் நிறுத்தினவர் என்று தோட்டத்தில் ஒரு கதை கிளம்பி, மேல் டிவிஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது இரண்டு டேங்க் ஆகிவிட்டது.

ஒரு நாள் சாப்பாடு போடும்போது விஜயகலா கேட்டாள்.

“தாத்தா செத்த திதி என்னாங்க?”

கஜேந்திரனின் தலை முழுக்கப் போயா தினக் கூட்டம். வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது: “பௌர்ணமி.”

“எந்த மாசப் பௌர்ணமி?”

“வர்ற பௌர்ணமிதான்.”

“செத்தவரு எப்பிடிங்க வர்ற பௌர்ணமியில சாவாரு?”

“இல்ல... இதே மாசம். அப்போ.”

“அப்ப வர்ற போயாவுக்குத் தெவசம் குடுத்துருவோம். இத்தன வருசம் ஒருவாய்ச் சோறு வைக்காம விட்டது பெரிய பாவம்.”

“போயாவுக்கா? அன்னிக்கு எனக்கு மாவனல்லை போவணும் கலா!”

“தாத்தா தெவசத்தன்னிக்குப் பேரன் ஊர் சுத்தப் போறதா? அவரு மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

கஜேந்திரன் பார்த்தார். தாத்தா முறைத்தார். படம் போகவில்லை என்றால் குரூப்பில் மானம் போகும். படம் போனால் வீட்டில் மானம் போகும். கடைசியில் பளீல் நானாவே வழி சொன்னார்: “அதுக்கென்ன தம்பி, கூட்டத்த உங்கட ஊட்டுல வெப்போம். தாத்தாவுக்கும் மரியாத செஞ்ச மாதிரி ஈக்கும்.”

போயா தினத்தன்று பதினொரு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். கஜேந்திரன் காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்து, வேட்டி கட்டி, வெற்று மார்போடு நின்றார். சமையலறையில் வாழைப்பூ வடை பொரிகிற வாசனைக்கு அவர் வயிற்றில் பீரங்கி வெடித்தது. நிவித்திகலவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் சண்முகநாதன், சக்கரம் நாலு என்று குரூப்பில் மூன்று வாரமாக வாதாடுகிறவர், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படத்தை நோக்கி நடந்தார்.

“மாலைய எடுங்க ஐயா. இன்னிக்கு முடிவு தெரிஞ்சாகணும்.”

“மாலைய எடுக்கலாமா கலா?” என்று கஜேந்திரன் மெல்லக் கேட்டார்.

“தாராளமா எடுங்க” என்றாள் விஜயகலா. அவளே வந்து எடுத்தும் கொடுத்தாள். ஈரத் துணியால் கண்ணாடியை ஓரம் ஓரமாகத் துடைத்தாள். பல ஆண்டு அழுக்கு கறுப்புக் கறுப்பாக வந்தது.

சக்கரம் மூன்று. கேரியரேதான். கஜேந்திரன் வேட்டியை இறுக்கிக்கொண்டு சண்முகநாதனை ஒரு பார்வை பார்த்தார். சண்முகநாதன் இருமினார். ஐந்து நிமிஷம் அந்த ஹோலில் கஜேந்திரனே ராஜா.

பளீல் நானா மட்டும் பூதக்கண்ணாடியோடு படத்தின் மூலைக்குப் போனார். துடைத்த இடத்தில் ஒரு கடையின் பெயர்ப்பலகை எட்டிப் பார்த்தது.

“தம்பி, இது அரபு எழுத்தெல்லவா?”

“அது... கறை நானா.”

“கறைக்கு மேல புள்ளி எல்லாம் வெச்சு எழுதுவாங்களா? ஹல்லாக் எண்டு ஈக்கிது. முடி வெட்டுற கடை. இது எகிப்துப் பக்கமாத்தான் ஈக்கணும்.”

சமையலறையில் வடை மட்டும் சொர்ரென்றது.

“அப்ப பெல்மதுளைச் சந்தி?” என்றார் சண்முகநாதன், இருமல் நின்றவராக.

“யுத்த காலத்துல... பெல்மதுளையில ஒரு அரபுக்காரர் சலூன் வச்சிருந்திருக்கலாம்” என்றார் கஜேந்திரன். சொல்லும்போதே அது அவர் காதுக்கே கேவலமாகப் பட்டது.

“அப்ப அந்த வீதியில போற ஒட்டகம்?” சண்முகநாதன் விடவில்லை.

கஜேந்திரன் குனிந்து பார்த்தார். தூரத்தில், அவர் மூன்று வாரமாக மாடு என்று நினைத்திருந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு போல்ட்டில் ஜாதகம் சொல்கிற நீதிபதிக்கு ஒரு முழு ஒட்டகம் தெரியவில்லை. அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“தப்பு என்னோடதுதான். அவரு எங்க தாத்தா இல்ல. யாருன்னே தெரியாது. செவுத்துல ஒரு எடம் கெடைக்கட்டும்னு சொன்னேன்.”

விஜயகலா அதிரவில்லை. கோபிக்கவும் இல்லை. ஈரத் துணியை மடித்தாள்.

“எனக்கு அன்னிக்கே தெரியுங்க.”

“தெரியுமா! அப்புறம் எதுக்கு மாலை, பல்பு, தெவசம் எல்லாம்?”

“எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாத்தேன். எகிப்து வரைக்கும் போவீங்கன்னு நெனைக்கல.”

பதினொரு பேரும் சிரித்த சிரிப்பில் சிவப்பு பல்பு ஆடியது. பளீல் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாத்தாவாக இருந்த அந்த முடிவெட்டுக்கடைத் தெருக்காரரை விஜயகலா சுவரிலிருந்து இறக்கி, மரியாதையோடு நானாவின் கையில் கொடுத்தாள்.

“கூட்டத்துக்கு வச்சுக்கோங்க நானா. நல்ல மனுசன், மூணு வாரமா எனக்கு ரொம்ப ஒத்தாசையா இருந்தாரு. எல, படையல் எல்லாம் தயார். ஆனா படையலுக்கு ஆள் மாறணும்.”

உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, உள்ளங்கை அளவு போட்டோ ஒன்றைக் கொண்டுவந்து கணவரிடம் நீட்டினாள். ஓரம் நெளிநெளியாக வெட்டிய பழைய ஸ்டூடியோப் படம். கஜேந்திரனுக்குப் பழக்கதோஷம் வந்துவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“ஐம்பதுகள்ல எடுத்தது. கோட்டு ஸ்டூடியோக்காரனோடது, கையி பத்தல பாரு. யாரு இது? ஒங்க பக்கத்து ஆளுதானே? முழியே சொல்லுதே, திருட்டு முழி. காதும் ஒங்க மாமா காது மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது.”

விஜயகலா படத்தை வாங்கித் திருப்பி, பளீல் நானாவிடம் காட்டினாள். பின்பக்கத்தில் கஜேந்திரனின் தாயார், கண்மூடுவதற்கு முன் பென்சிலால் எழுதிக் கொடுத்திருந்ததை, நானா எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

“கஜேந்திரனின்... தாத்தா. கேட்டால்... கொடுக்கவும்.”

“இருவது வருசமா வச்சிருக்கேன்” என்றாள் விஜயகலா. “நீங்கதான் கேக்கவே இல்ல.”