அரிசிக் கணக்கில் ஒரு பட்டர் கேக்

பலசரக்குக் கடைக்காரர் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு அளவு நிறுவை தெரியாது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நானே நம்பவில்லை, கேக் வேகும் வரைக்கும்.

எங்கள் கடை நாவலப்பிட்டியில். அப்பாவுக்குப் பிறகு அண்ணன்தான் நடத்துகிறார். நான் யாழ்ப்பாணத்துக்காரரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கட்டுகஸ்தோட்டையில் குடியேறியதிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. (திட்டியிருந்தாலாவது ஆறுதல். அதற்கும் வாயைத் திறக்க வேண்டுமே.) ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாக அண்ணி மூலம் சொல்லி அனுப்பினார். வந்தும் பேசாமல் போய்விட்டால் அவ்வளவுதான்.

அண்ணனுக்குப் பட்டர் கேக் என்றால் உயிர். நானோ அதுவரை கேக் சாப்பிட்டதோடு சரி. போன் வீடியோவில் செய்து காட்டிய ஓர் அம்மாள் பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் அரைக் கிலோ என்றார். பட்டர் பாக்கெட்டிலேயே நிறை போட்டிருந்தது. மற்ற இரண்டையும் நிறுக்க வீட்டில் தராசு இல்லை. அரிசி அளக்கும் வெற்றுப் பால் டின்தான் இருந்தது. அதைத்தான் சுண்டு என்போம். நாலு சுண்டு ஒரு கிலோ என்பது சின்ன வயதிலேயே கடையில் படித்த பாடம். ஆகவே சீனி இரண்டு சுண்டு, மா இரண்டு சுண்டு.

"மா காணாது போல கிடக்கு, இன்னும் கொஞ்சம் போடும்," என்றார் கணவர்.

எங்கள் பரம்பரையே தராசுத் தட்டில் வளர்ந்தது என்று சொல்லி அவர் வாயை அடைத்தேன்.

ஓவனைத் திறந்தால், ஓரமெல்லாம் மேடு, நடுவில் பள்ளமாக ஒரு கண்டி வாவி. அதில் பட்டர் மினுமினுவென்று தேங்கி நின்றது. மறைக்கவும் நேரமில்லை, வாசலில் ஆட்டோ வந்துவிட்டது.

அண்ணன் கதிரையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். கணவர் மழையைப் பற்றித் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் கேக்கை வைத்தேன். கணவர் ஒரு துண்டை விழுங்கி, "ஓம், நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். அண்ணன் ஒரு விள்ளலை எடுத்து, மூட்டைச் சரக்கைப் பார்ப்பதுபோல விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தார்.

"மாவு எவ்வளவு போட்ட?"

"அரைக் கிலோண்ணே."

"எதுல நிறுத்த?"

"நிறுக்கல. சுண்டுல அளந்தேன். நாலு சுண்டு ஒரு கிலோன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

கையிலிருந்த விள்ளலைத் தட்டில் வைத்தார்.

"அது அரிசிக் கணக்குடி."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். மா இலேசான சரக்கு, நான் போட்டது அரைக் கிலோவே வராது என்று விளக்கினார். அப்படியானால் பஞ்சு கிலோவுக்கு எத்தனை சுண்டு என்று கேட்டு மறுபடியும் சிரித்தார். நானும் அழுதுகொண்டே சிரித்தேன். கேக் நாசமாகப் போகட்டும், அண்ணன் பேசிவிட்டார் என்று போன உயிர் திரும்பி வந்தது. கண்ணால் பார்க்காவிட்டால் அண்ணி நம்பமாட்டாள் என்று மீதியைக் கட்டிக்கொண்டும் போனார்.

போன வருஷம் எங்களுக்கு மகள் பிறந்தாள். நிறுத்துப் பார்த்து மூன்று கிலோ என்றார்கள். கணவர் அண்ணனை அழைத்து என் காதில் போனை வைத்தார். சுகமா என்றுகூடக் கேட்கவில்லை அவர்.

"புள்ள எத்தனை சுண்டு?"

"பன்னெண்டுண்ணே."

"அரிசிக் கணக்கா, மாவுக் கணக்கா?"

மகளுக்கு நாள் பார்த்து, எழுத்துப் பார்த்து அழகான பெயர்தான் வைத்திருக்கிறோம். நாவலப்பிட்டியில் மட்டும் இன்றுவரை அவள் பெயர் பன்னெண்டு சுண்டு.