கவிழ்த்துப் பார்த்தால் பாதி விலை

உலகத்தில் எல்லா வியாபாரியும் பொருளுக்கு விலை போடுவான். வாங்க வருகிற ஆளுக்கு விலை போட்ட ஒரே மனிதர் கள்ளிக்குப்பம் டேப்பு அண்ணாத்தேதான். மரவேலைக்காரர். கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக் குளிக்கும்போதுகூடக் கழற்றமாட்டார் என்று கேள்வி. சொந்தப் பெயர் ஆதார் அட்டையில் இருக்கலாம்; நான் பார்த்ததில்லை.

காட்டுப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைவினைச் சந்தை போட்டார்கள். அண்ணாத்தேக்கும் எனக்கும் ஒரே மேசை. அவர் பக்கம் அஞ்சறைப்பெட்டி, மத்து, தோசைத்திருப்பி. என் பக்கம் ஒரே ஒரு ஸ்டூல். ஆறு மாதமாகச் சனி ஞாயிறுகளில் பால்கனியில் நான் தட்டிய தட்டலின் மொத்த விளைச்சல் அதுதான்.

"இது இன்னிக்கு விக்கலைன்னா, நாளைலேர்ந்து பால்கனில துணிதான் காயும். மரம் காயாது" என்று மனைவி தீர்ப்பு சொல்லியிருந்தாள்.

மென்பொருள்காரன் இல்லையா, எக்செல்லில் விலை போட்டேன். மரம், ஆணி, பசை, நாற்பது மணி நேர உழைப்பு. உழைப்புக்கு ஆபீஸ் சம்பளக் கணக்கு. பதினெட்டாயிரத்து முந்நூறு வந்தது. அட்டையில் எழுதி ஒட்டினேன்.

அண்ணாத்தே ஸ்டூலைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நாப்பது மணி நேரமா? இன்னா நைனா, நீ மெதுவா செஞ்சதுக்கு வாங்குறவன் ஏன் துட்டு குடுக்கணும்?"

"உங்க பொட்டி என்ன ரேட்டுண்ணே?"

"எவன் வாங்குறான்னு தெரியாம எப்டி சொல்றது?"

அவர் சட்டம் இதுதான்: தொடாமலே விலை கேட்டால் முழு விலை. மோந்து பார்த்தால் நூறு ரூபாய் குறையும். கவிழ்த்து அடிப்பக்கம் பார்த்தால் பாதி. "அடிய பாக்குறவன்தான் நைனா வச்சிப் பொழங்குவான்."

ஒரு அம்மாள் அஞ்சறைப்பெட்டியை ஆசையாக எடுத்தார்.

"எவ்வளவுங்க?"

"எங்கம்மா வைப்ப?"

"ஹால்ல, டிவி பக்கத்துல."

"மூவாயிரம்."

"ஐயோ! கிச்சன்ல வச்சா?"

"எட்நூறு."

"சரி, கிச்சன்லயே வைக்கிறேன்."

"பொய் சொல்றியேம்மா. இப்ப மூவாயிரத்தஞ்சூறு."

அந்த அம்மாள் போய்விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். பேரம் பேசியவர்களுக்கு விலை ஏறியது. போட்டோ எடுத்தவரிடம் போட்டோவுக்குத் தனி விலை சொன்னார். எங்களிடம் கோபித்துக்கொண்டு போனவர்களை வைத்தே பக்கத்து மேசைக்காரர்கள் அன்று பிழைத்தார்கள்.

சந்தை முடிய அரை மணி இருக்கும்போது மனைவி வந்து நின்றாள். கையில் புத்தம்புதுக் கொடிக்கயிறு.

அப்போதுதான் கேட் வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரி அக்கா, தேய்த்த துணி மூட்டையோடு அந்தப் பக்கம் வந்தார். மூட்டையை இறக்கினார். ஒரு வார்த்தை கேட்காமல் என் ஸ்டூலைக் கவிழ்த்து, நாலு காலையும் பிடித்து ஆட்டினார். அண்ணாத்தே முகம் மலர்ந்தது.

"இன்னா வெல அண்ணாத்தே?"

"இது ஆடும்மா. செஞ்சவன் புதுசு."

"ஆடட்டும். காலைலேர்ந்து நின்னுகினே கீறேன், குந்த ஒண்ணு வோணும்."

"எரநூறு."

"அண்ணே, மரமே எழுநூறுண்ணே!" என்று அலறினேன்.

"முழு வெல நானூறு. அக்கா அடிய பாத்துச்சில்ல?"

நான் வாயை மூடுவதற்குள் அக்கா இருநூறு ரூபாயை என் கையில் திணித்துவிட்டு, ஸ்டூலை மூட்டைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். மனைவி கயிற்றைப் பைக்குள் வைத்தாள். பால்கனி பிழைத்தது. ஆனாலும் ஒரு வாரம் நான் அண்ணாத்தேயோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

போன மாதம் சட்டை கொடுக்கப் போனபோது அக்கா தேய்த்துக்கொண்டிருந்தார். ஸ்டூல் சும்மா கிடந்தது. உட்கார்ந்து பார்த்தேன். ஆடவில்லை! என் திறமை தாமதமாக வெளிப்படுகிறதோ என்று கவிழ்த்துப் பார்த்தேன். குட்டைக் காலின் அடியில் அரை இஞ்சுக்கு ஒரு தேக்குத் துண்டு, நிமிர்த்தி வைத்தால் ஒட்டு போட்டதே தெரியாதபடி.

"யாரு வச்சதுக்கா இது?"

"அந்த டேப்பு மாட்டிகினு கீற ஆளுதான். மறுநாளே வந்து வச்சிட்டு, துட்டு வாணான்ட்டாரு. 'செஞ்சவன் கைல சொல்லாத, மனசு உட்டுப்போயி உளிய கீழ போட்ருவான்'னாரு."

அவரிடம் நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த அரை இஞ்ச் துண்டுக்கு என்ன விலை போடுவது என்று எக்செல்லுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.