பள்ளத்தின் வாசகர்கள்

அலுவலகந்தோறும் வாசகர் வட்டம் தொடங்கி, மக்களுக்குத் தம் ஊரின் அருமையை உணர்த்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் நகராட்சியில் வட்டம் தயார், தலைவராகப் பொறியாளரும் தயார். புத்தகம்தான் இல்லை. அலமாரியைத் திறந்தார்கள். ஏழு வருஷத்து மனுக்கள் கட்டுக்கட்டாக இருந்தன. மேலே கிடந்தது என்னுடையது.

நான் தையல்காரன். கடை வாசலில் சாக்கடை மூடி உடைந்து பள்ளமாகக் கிடக்கிறது. ஏழு வருஷத்துக்கு முன் என் மனைவி அதில் விழுந்து கால் முறிந்ததை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தேன். கூப்பிட்டனுப்பினார்கள். அப்பாடா, வேலை முடிந்தது என்று ஓடினேன்.

“நாலு வாரமா உங்க மனுவைத்தான் படிக்கிறோம். படிக்கப் படிக்க ஆழமா போகுது” என்றார் பொறியாளர்.

“மூணடிதான் சார். எப்ப மூடுவீங்க?”

“மூடிட்டா உங்க தெருவுக்குன்னு என்ன இருக்கு? அவசரப்படாதீங்க. நாங்க இன்னும் ரெண்டாவது பாராவையே தாண்டலை.”

அடுத்த கூட்டம் பள்ளத்தைச் சுற்றியே நாற்காலி போட்டு நடந்தது. ‘இலக்கியச் சிறப்புமிகு இடம்’ என்று பலகை நட்டார்கள். எனக்குச் சால்வை. பொய் சொல்வானேன், உச்சி குளிர்ந்துவிட்டது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து பள்ளத்தோடு படம் எடுத்துக்கொண்டார்கள். தைக்கத் துணி மட்டும் ஒருவரும் கொண்டுவரவில்லை.

“விழுந்தது நான், சால்வை உங்களுக்கா?” என்றாள் மனைவி.

மறுநாளே கொத்தனாரைக் கூட்டிவந்து, தன் செலவில் கல் போட்டு மூடிவிட்டாள். ஏழு வருஷத்தில் முதல்முறையாகக் கைத்தடி இல்லாமல் வாசலைக் கடந்தாள். பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது, சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் வட்டத்தார் வந்து திருதிருவென்று விழித்தார்கள். “இப்ப இது வெறும் தெரு” என்றார் பொறியாளர். அதுவரை பள்ளத்தைச் சபித்த பக்கத்து வீட்டுக்காரர்கள்கூட, “நம்ம தெருவோட பேரே போச்சே” என்று அங்கலாய்த்தார்கள். அங்கேயே ஒரு மனு தயாரானது. தெருவே கையெழுத்துப் போட்டது.

விடிந்ததும் கடப்பாரையோடு ஆட்கள் வந்துவிட்டார்கள். நகராட்சி மறுநாளே நடவடிக்கை எடுத்த மனு, எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

கல்லைப் பெயர்க்கிற சத்தம் கேட்டு மனைவி வெளியே வந்தாள். “யாரு எழுதினது அந்த மனுவை?” என்று கேட்டாள்.

பொறியாளர் என் தோளில் கை போட்டு, “நம்ம எழுத்தாளர்தாம்மா” என்றார்.

அவள் உள்ளே போய்க் கைத்தடியை எடுத்து வந்தாள்.