சீர் வாங்கின ஏரோப்ளேன்

எனக்கு எழுத வராது. அஞ்சாங்கிளாஸோட நிறுத்திட்டாங்க. நடுநடுவே மறந்தும் போகுது, பொறுத்துக்கணும்.

எங்க வீட்டுக்காரர் திருவண்ணாமலையில சைக்கிள் கடை வெச்சிருந்தார். எழுபத்தஞ்சோ எழுபத்தாறோ, அவருக்கு ஏரோப்ளேன் பைத்தியம் பிடிச்சது. மூங்கில் குச்சி, பட்டத் தாள், மைதா பசை. ரெக்கை மட்டும் கட்டில் நீளம். மார்கழிப் பனியில மாடியில வெச்சா பசை காயவே இல்ல. ரெக்கை நனைஞ்ச அப்பளம் மாதிரி தொங்கிச்சு.

அதனால கூடத்து மூலையில பச்சைத் தென்னங்கீத்தால ஒரு தடுப்பு கட்டினார். உள்ளே ப்ளேன், பக்கத்துல கரிச்சட்டி. பரீட்சை லீவுல இருந்த எங்க பொண்ணு செல்விக்கு, உள்ளே உட்கார்ந்து கரி அணையாம பார்த்துக்கிற வேலை. தாள் பத்திக்குமோன்னு எனக்கு சோறு இறங்கல. (பயப்பட வேண்டியது வேற எதுக்கோன்னு எனக்கு என்ன தெரியும்?)

பக்கத்து வீட்டம்மா மோர் வாங்க வந்தவங்க எட்டிப் பார்த்தாங்க. பச்சைக் கீத்து, உள்ளே பன்னெண்டு வயசுப் பொண்ணு. எங்க பக்கம் வயசுக்கு வந்த பொண்ணைத்தான் அப்படி உட்கார வைப்போம். ஒண்ணும் கேட்காம சிரிச்சுட்டுப் போயிட்டாங்க. இந்த ஏரோப்ளேன் கூத்தை எப்படிச் சொல்றதுன்னு நானும் கூச்சப்பட்டு விட்டுட்டேன். அவங்க வீட்டுக்காரர் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல கண்டக்டர். அதுதான் எங்க அண்ணன் ஊரு.

மறுநாள் காலையில வாசல்ல வேன் நின்னுது. தாய்மாமன் சீரோட அண்ணன், அண்ணி, சொந்தக்காரங்க, பட்டுப்பாவாடை, தட்டு தட்டா பழம், மேளக்காரர் வேற.

"ஏம்மா, இதைக்கூட கண்டக்டர் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"ன்னார் அண்ணன்.

இத்தனை பேர் எதிர்ல அண்ணன் தலை குனிஞ்சா அப்புறம் பொறந்த வீடு எனக்கு ஏது? நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மேளம் ஆரம்பிச்சுடுச்சு. வீட்டுக்காரரோ கடைக்குப் போயிட்டார்.

அண்ணி ஆரத்தித் தட்டோட நிக்க, அண்ணன் கீத்தை விலக்கினார். செல்வி பசைக் கையோட நிமிர்ந்தா.

"மாமா, தொடாதீங்க. ரெக்கை இன்னும் காயல."

மேளம் நின்னுடுச்சு. நான் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் திரும்பி வேனைப் பார்த்தார். வேனைத் திருப்பச் சொல்லப் போறார்னு நினைச்சேன்.

"வந்தது வந்துட்டோம். அதையாவது பறக்க விடுங்க"ன்னார்.

தெருவுக்குத் தூக்கிட்டுப் போனோம். செல்வி விட்டா. ஈர ரெக்கை நேரா ஆரத்தித் தட்டுல போய்க் கவுந்துச்சு. அண்ணன் வெள்ளைச் சட்டை பூரா செவப்பு. அவர்தான் முதல்ல சிரிச்சார். பாவாடையையும் செல்விக்கே கொடுத்துட்டுப் போனார்.

ரெண்டு வருஷம் கழிச்சு, செல்வி நெசமாவே வயசுக்கு வந்ததும் சேதி சொல்லி அனுப்பினோம். அண்ணன் வரல. ஒரு ஆள்தான் வந்தான். "பொண்ணா, ப்ளேனான்னு பார்த்துட்டு வரச் சொன்னாருங்க." இன்னிக்கும் எந்த நல்ல சேதி சொன்னாலும் எங்க வீட்டுல முதல் கேள்வி அதுதான்.

ரெக்கைத் தாள் மஞ்சளா, பச்சையான்னு மறந்துட்டேன். செல்வியைக் கேட்டு யாராவது சரி பண்ணிடுங்க. அண்ணனைக் கேட்காதீங்க, அவர் செவப்புன்னுதான் சொல்வார்.