திப்ரூகருக்கு மூன்றரை மணி நேரம்

அன்புள்ள மாப்பிள்ளை அருள்குமார் அவர்களுக்கு,

கிணத்துக்கடவு திருமூர்த்தி எழுதிக்கொள்வது. மாசாணியம்மன் புண்ணியத்தில் உடம்பு சுகம். மனசைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

என் தங்கை புவனாவைக் கட்டிக்கொண்டு அஸ்ஸாமில் தேயிலை ஆலை வேலைக்கு நீங்கள் போனபோது நான் வாய் திறக்கவில்லை. பாப்பாவுக்குக் காதுகுத்தும் அங்கேயேதான் என்றபோதும் திறக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், நான் போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தேன். போனில் தேடினேன். கோயமுத்தூர் விமான நிலையத்துக்கும் திப்ரூகர் விமான நிலையத்துக்கும் இரண்டாயிரத்து அறுநூறு கிலோமீட்டர், பறக்கும் நேரம் மூன்றரை மணி என்று போட்டிருந்தது. விடிந்ததும் ஏறினால் உச்சி முகூர்த்தத்துக்கு முன்னால் இறங்கி, குளித்து, வேட்டி மாற்றி, உங்கள் ஊர் டீயைக் குறை சொல்லவும் நேரம் இருக்கும். என் மகன் கவின்தான், "அது நேர்கோட்டுத் தூரமுங்கப்பா, அப்படி ஒரு பிளேனே கெடையாதுங்க, முந்தின நாளே கெளம்புங்க" என்று குறுக்கே பேசினான். டிக்கெட்டிலும் சாயங்காலம்தான் போய்ச் சேரும் என்றிருந்தது. இருந்தால் என்ன, பொள்ளாச்சி பஸ் போர்டில் போட்ட நேரத்துக்கா போகிறது? உக்கடம் தாண்டியதும் டிரைவர் ஒரு மிதி மிதித்தால் எல்லாம் சரியாகிவிடும்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும்தான் ஏறினேன். சென்னையில் நிறுத்தினார்கள். டீ குடிக்க நிறுத்துகிறார்கள் என்று நான் சீட்டை விட்டு எழுந்திருக்கவில்லை, கடைசியில் ஒரு பெண் வந்து கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டது. அடுத்த விமானத்தில் அதே மாதிரி இன்னொரு பெண்ணிடம், "ஏனுங்க அம்மணி, நான் தாய்மாமனுங்க, டிரைவரைக் கொஞ்சம் அழுத்திப் போகச் சொல்லுங்க" என்றேன். தண்ணீர் கொடுத்து பெல்ட்டைப் போடச் சொன்னது. கல்கத்தாவில் இறங்கி மறு விமானத்துக்குக் காத்திருந்து, முகூர்த்த நேரம் தாண்டுவதை அங்கே ஒரு கண்ணாடிச் சுவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அழுகை வந்துவிட்டது மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிற உங்கள் ஊருக்கு ஒருவழியாக வந்தால், பாப்பா குத்தின காதோடு உட்கார்ந்திருக்கிறாள். யார் மடியில்? உங்களோடு வேலை பார்க்கும் மேட்டுப்பாளையத்து அழகிரிசாமி மடியில். "முகூர்த்தம் போயிருமுங்க மச்சான், அதுதான் இவரை உக்கார வெச்சுப்போட்டோம்" என்கிறீர்கள். தாய்மாமன் மடி என்ன பஸ் சீட்டா, ஆள் வராவிட்டால் பக்கத்து ஆள் உட்கார?

ஆகவே இனி உங்கள் வாசப்படி மிதிக்க மாட்டேன். போன் செய்தாலும் எடுக்க மாட்டேன். பாப்பா கல்யாணத்துக்குப் பத்திரிகையையும் அழகிரிசாமிக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

புவனாவுக்கு என் ஆசிகள். பாப்பா நூறு வயது நன்றாக இருக்கட்டும். உங்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அசல் தாய்மாமன்
திருமூர்த்தி

பி.கு.: இதை உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். உங்களோடு பேச்சு இல்லை என்பதால் காகிதம். என்னை விமான நிலையத்துக்குக் கொண்டுபோக வந்த கார் வாசலில் நிற்கிறது. அதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பாப்பா என் மடியில் தூங்குகிறாள், நான் எழுந்தால் முழித்துக்கொள்வாள்.