ஆடி வெள்ளியில் வந்த கீல் பின்

கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்கினால் யாருக்கும் கொஞ்சம் திமிர் வரும். எனக்குக் கொஞ்சமாக வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் பொறியியலில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். சிறு தொழிற்சாலைகளில் உற்பத்தித் திறனை உயர்த்துவது எப்படி என்பது என் ஆய்வு. (அதுவரை நான் உற்பத்தி செய்தது எதுவும் கிடையாது.) அதற்காக ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் சைக்கிள் மிதித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேன் கதவுக்குக் கீல் செய்யும் ஒரு கம்பெனிக்குப் போவேன். முப்பது பேர் வேலை செய்தார்கள். யார் பக்கத்தில் போய் நின்று வாட்சை அமுக்கினாலும் அவர் கை உடனே பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதையும் குறித்துக்கொள்வேன்.

என் கண்ணை உறுத்தியது ஸ்டோர் ரூம். கீலின் இரண்டு தகடுகளையும் சேர்க்கிற இரும்புப் பின், மூன்று வாரத்துக்குத் தேவையானது, பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தது. ஜப்பானில் இப்படி யாரும் சரக்கு சேர்த்து வைப்பதில்லை என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். ஸ்டோர் கீப்பர் முனுசாமியிடம் அதை விளக்கினேன். அவர் திருவேற்காட்டை ஒட்டிய அயனம்பாக்கத்துக்காரர்.

"அன்னன்னிக்கு வேணுங்கிறது அன்னன்னிக்குக் காலையில வந்தா போதும்ணே."

"வர்லைன்னா?"

"வரும்."

"வர்லைன்னா இன்னா பண்றதுன்னு கேட்டேன் தம்பி."

"வரும்னு சொல்றேன்ல."

பின் செய்கிறவர் இருந்தது பூந்தமல்லியில். அவருடைய டெம்போவில் வைகாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் ஏறி உட்கார்ந்து, திருவேற்காடு வழியாக எஸ்டேட் வந்து சேர நாற்பது நிமிடம் என்று அளந்தேன். அந்த ஒரே ஒரு செவ்வாய்க்கிழமையை வைத்து ஒன்பது வரைபடங்கள் போட்டேன்.

முதலாளி கோதண்டராமனுக்கு வரைபடம் என்றால் மரியாதை. சரி என்றுவிட்டார். இரண்டு வாரம் டெம்போ தினமும் சொன்ன நேரத்துக்கு வந்தது. காலியான ஸ்டோர் ரூமில் முதலாளி தனக்கு ஒரு மேஜையே போட்டுக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில், புதிய முறையைப் பார்க்க வரும்படி வேன் கம்பெனி அதிகாரிகளை அழைத்தார். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பெரிய ஆர்டர். என்றைக்கு வரச்சொல்லலாம் என்று என்னைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சார். நல்ல நாள்."

முனுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னா தம்பி, அது ஆடி வெள்ளி. வேற்காட்டாண்ட ரோடே தெரியாது, தலைதான் தெரியும். ஒரு பொட்டியாவது வாங்கி வெச்சிக்கலாம்."

ஒரு பெட்டி வைத்தாலும் முறையே கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை காலை, மஞ்சள் புடவை கட்டித் திருவேற்காட்டு அம்மன் கோயிலுக்குக் கிளம்பிய என் அம்மாவும், "இன்னிக்கு ரோட்டுல கால் வைக்க முடியாதுடா" என்றாள். அம்மா சொல்வதை எல்லாரும் எப்படிக் கேட்பார்களோ அப்படித்தான் நானும் கேட்டேன்.

ஒன்பது மணிக்கு அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். டெம்போ வரவில்லை. பத்து மணிக்கும் வரவில்லை. முப்பது பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முதலாளி மூன்றாவது முறையாக டீ வரவழைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முனுசாமி தன் மொபெட் சாவியை நீட்டினார். (அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.)

திருவேற்காட்டு எல்லைக்கு மேல் கூட்டத்தில் மொபெட் நகரவில்லை. அதை ஒரு பந்தலில் விட்டுவிட்டுக் கூட்டத்துக்குள் நுழைந்தேன். நுழைந்த பத்தாவது நிமிடம் செருப்பு போயிற்று. கோயிலைத் தாண்டி அந்தப் பக்கம், மரத்தடியில் டெம்போவை ஓரங்கட்டிவிட்டு டிரைவர் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"வா சார், கூழ் குடி. சாயங்காலம்தான் வண்டி நவுரும்."

பெட்டியைத் தூக்கித் தலையில் வைக்கச் சொன்னேன். உறுத்தாமலிருக்கத் தன் மஞ்சள் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக் கொடுத்தார். நல்ல மனிதர். வந்த வினையெல்லாம் அந்தத் துண்டால்தான்.

திரும்பும்போது பால்குட ஊர்வலம் ஒன்று என்னை உள்ளே இழுத்துக்கொண்டது. வெறுங்கால், மஞ்சள் துணி, தலையில் சுமை, முகத்தில் வேதனை. யாருக்கும் சந்தேகமே வரவில்லை. பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். ஓர் அம்மாள் கால் வரைக்கும் காத்திருக்காமல் தலையிலிருந்தே ஊற்றினார். யாரோ பெட்டியில் வேப்பிலையைச் செருகினார்கள்.

"வய்யி உடுங்கம்மா, பெரிய வேண்டுதல் போலக் கீது. பொட்டி என்னமா கனக்குது பாரு."

"ஓம் சக்தி" என்று கத்தினால் கூட்டம் இன்னும் வேகமாக விலகுவதைக் கவனித்தேன். கத்தினேன். வேகத்தைக் கூட்ட அன்று நான் கண்டுபிடித்த ஒரே வழி அதுதான்.

கோயில் வாசலில், வரிசையில் அம்மா நின்றிருந்தாள். கல்லூரிக்குப் போனதிலிருந்து நெற்றியில் திருநீறுகூட வைக்காத பிள்ளை, தலையில் சுமையோடு சாமி பேர் சொல்லிக்கொண்டு எதிரே வருகிறான். அவள் கண் நிறைந்துவிட்டது. என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் பெட்டியை இறக்கவும் முடியாமல் விளக்கவும் முடியாமல், "அம்மா, அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடந்தேன்.

பந்தலில் விட்ட மொபெட்டை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. உடம்பெல்லாம் மஞ்சள், நெற்றியில் யாரோ அப்பிய குங்குமம், காதோரம் வேப்பிலை. ஸ்டாப்வாட்சுக்குள் தண்ணீர் ஆடியது. மூத்த அதிகாரி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"தம்பி, உங்க புது முறையில இது எந்த ஸ்டேஜ்?"

"சப்ளை சார்."

அவர் சிரித்த சிரிப்பில்தான் முதலாளிக்கு மூச்சு வந்தது. முனுசாமி பின்களைத் துடைத்துக் கொடுக்க, முதல் கீல் மஞ்சள் கோடோடு வந்தது. அதிகாரி அதை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தார். "கீல் நல்லாருக்கு. ஆனா ஒரு வாரத்துக்கான பின் எப்பவும் கையில இருக்கணும். சம்மதம்னா ஆர்டர் தரோம்." அவர் முடிப்பதற்குள் முதலாளி சம்மதித்துவிட்டார். சாயங்காலமே ஸ்டோர் ரூமிலிருந்து மேஜை வெளியேறியது.

வீட்டில் சர்க்கரைப் பொங்கல் காத்திருந்தது. "என்ன வேண்டுதல்னு கேக்க மாட்டேன்டா" என்றாள் அம்மா. அவள் உள்ளே போனதும் அப்பா மெதுவாகக் கேட்டார்.

"பெட்டியில என்னடா?"

"கீல் பின்னுப்பா."

அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். "பேசாம சாப்பிடு."

மறு வருடம் எனக்கு வேலை கிடைத்தது. வேண்டுதல் பலித்துவிட்டதாம், அம்மா பால்குடம் எடுக்கச் சொன்னாள். அன்றிலிருந்து ஓர் ஆடிகூடத் தவறவில்லை. கல்யாணமான புதிதில் மனசு கேட்காமல் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அம்மா அசரவில்லை.

"பின்னோ பாலோ, சுமந்தியா இல்லியா? ஆர்டர் கிடைச்சுதா இல்லியா?"

பக்கத்தில் நின்ற என் மனைவி முழுக்கதையையும் அன்றைக்குத்தான் கேட்டாள். கேட்டது தப்பாகப் போயிற்று. இப்போதும் ஒவ்வோர் ஆடியிலும், குடத்தைத் தூக்கி என் தலையில் வைக்கும்போது, அவளும் மகளும் முகத்தைப் பயபக்தியோடு வைத்துக்கொண்டு கேட்கிறார்கள்: "இது எந்த ஸ்டேஜ்?"

தலையை ஆட்ட முடியாது, பால் சிந்தும். "சப்ளை" என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.