தூண்டிலை நம்பாத ஹோல்டு

உலகத்தில் எந்த நாட்டுக்காரன் திருட்டுத்தனமாக அணுகுண்டு செய்ய நினைத்தாலும், அவன் முதலில் சமாளிக்க வேண்டியது கருங்குழியிலிருந்து பஸ் மாறி வரும் எங்கள் ஹோல்டு அண்ணாத்தயைத்தான்.

சிறுசேரியில் ஒரு வெளிநாட்டு வங்கிக்காக நாங்கள் வேலை பார்த்தோம். அணு ஆயுதத்துக்குச் சாமான் சேர்க்கிறார்கள் என்று தடை போடப்பட்ட ஆட்களுக்கும் கம்பெனிகளுக்கும் பணம் போய்விடக் கூடாது. சந்தேகமானதைக் கம்ப்யூட்டர் நிறுத்தி எங்களிடம் தள்ளும். முக்கால்வாசி வெறும் பெயர் ஒற்றுமை. நாங்கள் பார்த்து ‘ரிலீஸ்’ கொடுப்போம். அவர் மட்டும் ‘ஹோல்டு’ போடுவார். அதுவே பெயராகிவிட்டது, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

உட்காரவே மாட்டார். ஒரு வரி படிப்பார், தண்ணீர் மெஷின் வரை நடப்பார், திரும்பி வந்து அடுத்த வரி. அவர் நாற்காலியில் நாங்கள் பைகளை வைத்துக்கொள்வோம். அவர் தங்கையைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை, தான் பம்ப் ஏற்றுமதி செய்வதாகச் சொல்லியிருக்கிறார். “அந்த பம்ப்ப கடைசில யாரு யூஸ் பண்றாங்கன்னு விசாரிப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார் இவர். மாப்பிள்ளை வீட்டார் பாதி பஜ்ஜியில் எழுந்துவிட்டார்கள்.

அப்புறம் வந்தது தூண்டில் விவகாரம். ஒரு கம்பெனி, மீன் தூண்டில் கழி செய்வதற்கென்று கார்பன் ஃபைபர் வாங்கப் பணம் அனுப்பியது. கம்பெனியின் பெயர் சுத்தம். சரக்கின் பெயரைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டர் நிறுத்தியது. யுரேனியத்தைச் செறிவூட்டும் இயந்திரத்துக்கும் உசத்தியான கார்பன் ஃபைபர் வேண்டும். ஹோல்டு போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

மேனேஜர் மேடம் வந்தார். “தூண்டில்தானே? ரிலீஸ் பண்ணுங்க. கஸ்டமர் கத்தறார்.”

“சரக்கு எறங்கற ஊர்ல கடலே கெடையாது மேடம்.”

“ஆத்துல பிடிப்பாங்க.”

“ஆறும் இல்ல. மேப் பாத்துட்டேன், ஒரு குட்டைகூட இல்ல. பாலைவனத்துல தூண்டில் போட்டு இன்னாத்த புடிப்பானுங்க, ஒட்டகமா?”

மேடம் சிரிக்கவில்லை. “இந்தக் கஸ்டமர் போனா உங்க வேலையும் போகும்.”

ஹோல்டின் முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவர்தான். ஆனாலும் விஷயத்தை மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு மறுபடி நடந்தார்.

பதில் வராத நிலையில், மாமல்லபுரத்து ரிசார்ட் ஒன்றுக்கு டீமோடு போனோம். நாங்கள் அலையில் குதித்தோம். அவர் ஆபீஸ் ஷூவோடு மணலில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார்.

“கொஞ்சம் ஒக்காருங்க அண்ணாத்த” என்றேன்.

“ஒக்காந்தா பேஜாரா கீது மச்சான். வேலை போச்சுன்னா அம்மாகிட்ட இன்னான்னு சொல்றது? ரிலீஸ் பண்ணிட்டா எப்டி சோறு துன்றது?”

மதியச் சாப்பாட்டின்போது மேடத்துக்குப் போன் வந்தது. கேட்டுக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். தூண்டில் என்பது பொய். தடையில் இருந்த ஒரு கம்பெனி வேறு பெயரில் வாங்கியிருக்கிறது. பணத்தை முடக்கியாகிவிட்டது. நாங்கள் கை தட்டினோம். மேடம் தன் தட்டிலிருந்த வறுத்த வஞ்சிரத்தை எடுத்து ஹோல்டின் தட்டில் வைத்தார்.

அவர் அதைத் தொடவில்லை. “மேடம், இவனுங்க இதுக்கு மின்னாடி இன்னும் வேற பேர்ல வாங்கிகினு இருந்தா?”

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“நா ஆபீஸ் போறேன். பழசெல்லாம் பாக்கணும்.”

சாயங்காலம் எல்லோரோடும் ஆபீஸுக்குத் திரும்பும் வேன்தான் கிடைத்தது; அவருக்கு என் பக்கத்து சீட்டு. திருப்போரூர் வரை காலை ஆட்டிக்கொண்டே வந்தார். பிறகு ஆட்டம் நின்றது. திரும்பினால், வாய் லேசாகத் திறந்திருக்க, தலையை என் தோளில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“படூர் யாருப்பா?” என்றார் டிரைவர்.

என் வீடு படூரில்தான். “யாருமில்லண்ணே, நீங்க போங்க” என்றேன், தோளை அசைக்காமல்.